செவன் கிங்ஸில் மனுநாள்

காலை ஏழு மணிக்கு லலிதா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அப்பா பன்னிரண்டாவது நாளாக முன்னறையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்.

வேட்டிக்குள் கம்பளிக் கால்சட்டை. வெள்ளைச் சட்டைக்கு மேல் மருமகனுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர். அதற்கும் மேலே மடிப்புக் கலையாத துண்டு. எதிரே சாப்பாட்டு மேசையிலிருந்து கொண்டுவந்த மூன்று நாற்காலிகள் வரிசையாக நின்றன. மூன்றும் காலி.

"யாராச்சும் வர்றதா சொல்லியிருக்காங்களாப்பா?"

"சொல்லிட்டா வருவாங்க? வந்தா உக்கார இடம் வேணும்ல," என்றார் சிவசைலம்.

லலிதா அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள்.

சிவசைலம் கீழ்க்குளம் தொகுதியில் மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். மந்திரியானதில்லை. சட்டசபையில் மந்திரிமார் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்க ஒரு குழு உண்டு. அதற்கு இரண்டு வருஷம் தலைவராக இருந்தார். வேலைக்குப் பஞ்சமில்லாத குழு. மற்றபடி அவருடைய அரசியல் எல்லாம் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை வீட்டு முன்னறையில்தான் நடந்தது. ரேஷன் அட்டை, பட்டா, காணாமல்போன எருமை, ஓடிப்போன மருமகன் என்று எதைக் கொண்டுவந்தாலும் உட்காரவைத்துக் கேட்பார். "ஆவன செய்கிறேன்" என்பார். பாதியையாவது செய்தும்விடுவார்.

கடைசித் தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. சுயேச்சையாக நின்று முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றார். அதற்குப் பிறகும் ஜனங்கள் வந்தார்கள். அப்புறம் குறைந்தார்கள். கடைசியாக வந்த ஆள் புது எம்.எல்.ஏ. வீட்டுக்கு வழி கேட்கத்தான் வந்தான். சிவசைலம் அவனை உட்காரவைத்து, மோர் கொடுத்து, ஒரு தாளில் வழியை வரைந்தும் கொடுத்தார்.

போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். தனியாக இருந்தவரை ஆறு மாத விசாவில் லண்டனுக்கு வரவழைத்தது லலிதாதான். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அக்டோபர் மாதம், செவன் கிங்ஸ் பகுதியில் இலை உதிர்ந்துகொண்டிருந்தபோது வந்து இறங்கினார். வந்த மறுநாளே நாற்காலி போட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிற்பகல் லலிதா பக்கத்தில் குட்மேய்ஸிலிருந்த தமிழ்க் கடையில் பாலாம்பிகையைப் பார்த்தாள்.

பார்த்தாள் என்பது சரி. நான்கு வருஷமாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேசியதில்லை. தெருவில் இருந்த தமிழர் எல்லாரும் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்தவர்கள். கடையில் அவர்கள் வேகமாகப் பேசும் தமிழில் பாதி லலிதாவுக்குப் புரியாது. திருப்பிக் கேட்க வெட்கம். அதனால் ஒரு புன்னகையை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். கணவன் சங்கரனுக்கு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரவு ஷிப்ட். அவள் வேலை பார்த்த நூலகத்திலும் பின்கட்டில் அட்டவணை தட்டச்சு செய்யும் வேலை. நாள் முழுக்க வாயைத் திறக்காமலேயே சம்பளம் வாங்கலாம்.

பாலாம்பிகை ஊரில் ஆசிரியையாக இருந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தெருவுக்கே அக்கா. கையில் முருங்கைக்காயோடு நின்றார்.

"உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்," என்றாள் லலிதா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"கேளுங்கோ பிள்ளை."

"உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

"எனக்கோ? முழங்கால்தான்."

"அது இல்லை. தெருவுல, வீட்டுல... கவுன்சில்கிட்ட சொல்ற மாதிரி." லலிதா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பா, எம்.எல்.ஏ., மூன்று நாற்காலி, பன்னிரண்டு நாள். "ஒரே ஒரு தடவை வந்து ஒரு புகார் சொன்னீங்கன்னா போதும். பொய்யா இருந்தாலும் பரவாயில்லை."

பாலாம்பிகை முருங்கைக்காயால் வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று லலிதா நினைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாதோ?"

"தெரியவே கூடாது."

"நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன். நாளைக்கே வாறன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று லலிதா நினைத்திருக்கவில்லை.

மறுநாள் ஏழு ஐந்துக்கு மணி அடித்தது. சிவசைலம் துண்டைச் சரிசெய்துகொண்டார். பாலாம்பிகை நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, எங்கட வீட்டுக்கு முன்னாலை ரோட்டு லைற் எரியுதில்லை. பின்னேரம் நடக்கேலாமல் கிடக்கு."

"என்ன கிடக்குதாம்?" என்று சிவசைலம் மகளைக் கேட்டார்.

"சாயங்காலம் நடக்க முடியலையாம்ப்பா."

"எனக்கு இந்தத் தமிழ் பிடிபடல. லலிதா, நீ பக்கத்துல உக்காரு. எங்கேயும் போகாதே."

லலிதா உட்கார்ந்தாள். சிவசைலம் விளக்கின் வயது, கம்பத்தின் உயரம், இருட்டில் இதுவரை விழுந்தவர்கள் தொகை எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு மகளை எழுதச் சொல்லி வாசகம் சொன்னார்: "மேற்படி விளக்கு எரியாத காரணத்தால் பொதுமக்கள், குறிப்பாகத் தாய்மார்கள், சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி..."

ஒரு பக்கம் வந்தது. லலிதா அதை ஆங்கிலத்தில் ஒரே வரியாகத் தட்டச்சு செய்தாள். நாற்பத்திரண்டாம் எண் வீட்டெதிரே விளக்கு எரியவில்லை.

"நான் சொன்னது ஒரு பக்கம். இதுல ஒரு வரிதானே இருக்கு?"

"இங்கிலீஷ் சின்ன மொழிப்பா."

அவர் அந்த வரியைச் சந்தேகத்தோடு பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கூடவே, "நேர்ல பாக்காம மனு அனுப்புற பழக்கம் நம்மகிட்ட இல்லை. எனக்குக் குளிர் ஒத்துக்காது. நீ அம்மாகூடப் போய்ப் பாத்துட்டு வா," என்றார்.

விளக்கைப் பார்க்கப் போன லலிதா இரண்டு மணிநேரம் கழித்துத்தான் திரும்பினாள். கையில் ஒரு டப்பா தேங்காய்ச் சம்பல் இருந்தது. சரியாக எட்டாம் நாள் விளக்கு எரிந்தது. கவுன்சில் ஏற்கெனவே செய்வதாக இருந்த வேலையா, கடிதம் செய்த வேலையா என்று யாருக்கும் தெரியாது. தெருவில் யாரும் அதை ஆராயவுமில்லை.

அடுத்த திங்கட்கிழமை கஸ்பர் வந்தார். மன்னார்க்காரர். பெட்ரோல் நிலையத்தில் மாலை ஷிப்ட்.

"ஐயா, எங்கட வீட்டு முன்னால நிண்ட பஸ் ஸ்ரொப்பை ஐம்பது மீற்றர் தள்ளி வைச்சிட்டாங்கள். முந்தி ஜன்னலாலை பஸ் வாறதைப் பாத்துக்கொண்டே தேத்தண்ணி குடிச்சு முடிப்பன். இப்ப அரைவாசியிலை ஓட வேண்டிக்கிடக்கு."

"ஒரு மனுசன் காப்பியை நிம்மதியாக் குடிக்க முடியலைன்னா அப்புறம் என்ன அரசாங்கம்?" என்றார் சிவசைலம். "லலிதா, போய் அந்த ஜன்னலைப் பாத்துட்டு வா."

கஸ்பரின் மனைவி எமில்டா ஜன்னலைக் காட்டினாள். கூடவே கல்யாண ஆல்பத்தையும் காட்டினாள்.

அந்த வாரம் நான்கு பேர். அடுத்த வாரம் பதினோரு பேர். செவன் கிங்ஸில் ஒரு இந்திய மந்திரி வந்திருக்கிறார் என்று லண்டனின் மறுகோடியிலிருந்த சவுத்தால்வரை பேச்சுப் போயிற்று. ஸ்ரீஸ்கந்தராஜா என்பவர் புகாரே இல்லாமல் வந்தார். எல்லாரும் போகிறார்களே என்று வந்தவர்.

"குறையில்லாத மனுஷனா? யோசிச்சுச் சொல்லுங்க," என்று சிவசைலம் காத்திருந்தார்.

ஸ்ரீஸ்கந்தராஜா வெகுநேரம் யோசித்தார். "குளிர்," என்றார்.

"பரிசீலிக்கிறேன்," என்றார் சிவசைலம் முகம் மாறாமல்.

நவம்பர் முடிவில் லலிதா கவலைப்பட ஆரம்பித்தாள். ஒருவர் வந்தால் போதும் என்று நினைத்தவளுக்கு இப்போது தினமும் பதினாறு டம்ளர் தேநீர். வாசலில் செருப்பும் பூட்ஸுமாகச் சிறு குன்று. இரவு ஷிப்ட் முடித்து எட்டரைக்குத் தூங்க வந்த சங்கரன் ஒருநாள் வாசல் கதவில் கையை வைத்தபோது, படியில் நின்ற கஸ்பர் அவன் தோளைத் தொட்டார்.

"தம்பி, எல்லாரும் வரிசையிலைதானே நிக்கிறம்."

"இது என் வீடுங்க."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுவினம்," என்றார் கஸ்பர். அவர் சங்கரனை அதற்கு முன் பார்த்ததில்லை.

சங்கரன் வரிசையில் நின்று ஐந்தாவது ஆளாக உள்ளே வந்தான். சிவசைலம் நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க மாப்பிள்ளை. என்ன குறை?" என்றார்.

"தூக்கம்," என்றான் சங்கரன்.

அன்றைக்கு அடுப்படியில் கணவனும் மனைவியும் கிசுகிசுத்தார்கள்.

"நீதானே ஆரம்பிச்ச. நீயே நிறுத்து."

"நிறுத்தினா அப்பா உடைஞ்சுபோயிருவார். கொஞ்சம் குறைக்கிறேன். நாளையிலேருந்து நம்பர் சீட்டு. தினமும் ஆறு பேர்தான்."

அவள் அட்டையை வெட்டி ஒன்றுமுதல் ஆறுவரை எழுதி வாசலில் ஆணியடித்து மாட்டினாள். அதுவரை வேண்டுமானால் போகலாம் என்றிருந்த இடம், சீட்டு வந்தவுடன் கிடைத்தற்கரிய இடமாகிவிட்டது. மறுநாள் ஆறரைக்கே வாசலில் ஆள். சீட்டுக் கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களுக்குத் துணையாக வந்தார்கள். இடியப்பம், வடை, கேக் என்று கையில் எதையாவது கொண்டுவந்தார்கள். மனு ஆறாகக் குறைந்தது. ஆள் இருபத்தைந்தாகக் கூடியது.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு கத்தரின் வந்து கதவைத் தட்டினாள்.

எழுபது வயது ஆங்கிலேயப் பெண். தனியாக இருந்தாள். நான்கு வருஷத்தில் அவளும் லலிதாவும் பேசிக்கொண்டது வானிலையைப் பற்றி மட்டும்தான். அதுவும் மழை பெய்தால். இன்றைக்கு முகம் சிவந்திருந்தது. விடிந்தும் விடியாமலும் சத்தம். வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. நேற்று யாரோ ஒருவரின் பூட்ஸில் தடுக்கி விழப்பார்த்தாள்.

லலிதா மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்த அம்மாளை உக்காரச் சொல்லு. என்ன குறைன்னு கேளு."

கத்தரின் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷம் பேசினாள். கார், பூட்ஸ், பிறகு இறந்துபோன கணவன், கனடாவிலிருந்து கிறிஸ்துமஸுக்கு மட்டும் தொலைபேசியில் கூப்பிடும் மகன் எல்லாம் வந்தது. லலிதா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். சிவசைலம் தலையாட்டிக் கேட்டார்.

"புகார் நியாயமானது. எழுது."

"யார் மேலப்பா?"

"இந்த வீட்டு மேல."

"நம்ம வீட்டு மேல நாமே கவுன்சிலுக்கு எழுதுறதா?"

"யார் வீடா இருந்தா என்ன? கீழ்க்குளத்துக்குப் பாலம் கட்டித் தர்றேன்னு சபையில சொன்ன மந்திரி என் கட்சிக்காரர்தான். கட்டலைன்னு அறிக்கை எழுதினது யாரு? நான்தானே."

"அதனாலதானே தேர்தல்ல உங்களுக்குச் சீட்டு தரலை."

"பாலம் வந்துச்சா இல்லையா?"

வந்தது. லலிதா தட்டச்சு செய்தாள். சிவசைலம் கையெழுத்துப் போட்டார். உறையில் தபால்தலையும் ஒட்டியாயிற்று. அப்பா நகர்ந்ததும் கிழித்துவிடலாம் என்று அவள் அதை மேசையில் பழக் கிண்ணத்துக்கு அடியில் செருகி வைத்தாள். நூலகத்திலிருந்து திரும்பி வந்தபோது கிண்ணம் இருந்தது. உறை இல்லை.

"கடிதமா? தபால்ல போட்டுட்டேனே," என்றான் சங்கரன். "உனக்கு ஒரு வேலை குறையட்டும்னுதான்."

ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கவுன்சில் அதிகாரி வந்தார். மழைச்சட்டை, தோல்பை, மெல்லிய குரல். வாசலில் முப்பது ஜோடிப் பாதணிகளைத் தாண்டி உள்ளே வந்தார். குடியிருப்பு வீட்டில் அனுமதியில்லாமல் அலுவலகம் நடத்துவதாகப் புகார் வந்திருக்கிறது என்றார். நிரூபணமானால் நோட்டீஸ் வரும். அதன்பிறகும் நடந்தால் நீதிமன்றம்.

லலிதா அப்பாவைப் பார்த்தாள். விசாவில் வந்திருக்கும் அப்பாவை நீதிமன்றத்துக்கு இழுப்பார்களோ? அன்றைக்கு விடுப்பிலிருந்த சங்கரன் இரவு உடையோடு மாடிப்படியில் நின்று எட்டிப்பார்த்தான்.

வந்திருந்தவர்களுக்கும் விஷயம் புரிந்தது. ஐயாவைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்தார்கள். அதுதான் வம்பாயிற்று.

"பிறந்தநாள்," என்றார் வாசலில் நின்ற பாலாம்பிகை ஆங்கிலத்தில். "ஐயாவுக்குப் பிறந்தநாள்."

அதிகாரி குறித்துக்கொண்டு நடைவழியில் இரண்டடி வைத்தார்.

"ஜெபக்கூட்டம்," என்றார் அங்கே நின்ற கஸ்பர், சிலுவை போட்டுக்கொண்டு.

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டு முன்னறைக்குள் எட்டிப்பார்த்தார். ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, துயரமான குரலில் சொன்னார்: "செத்தவீடு."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "யார் இறந்தது?"

ஸ்ரீஸ்கந்தராஜா இதை எதிர்பார்க்கவில்லை. கண் தானாகச் சிவசைலத்தின் பக்கம் போயிற்று.

"பிறந்தநாள் கொண்டாடுகிறவரேவா?" என்றார் அதிகாரி.

சிவசைலம் எழுந்தார். அதிகாரியின் தோளில் ஒரு சரிகைத் துண்டைப் போர்த்திக் கும்பிட்டார். அரசாங்க ஊழியர் வீடு தேடி வந்தால் வெறுந்தோளோடு அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. அதிகாரி மழைச்சட்டைக்கு மேல் மின்னிய சரிகையைக் குனிந்து பார்த்தார். பிறகு தோல்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"இதில் கையெழுத்துப் போட்டிருப்பவர்?"

லலிதா மொழிபெயர்த்தாள். "நான்தான்," என்றார் சிவசைலம்.

"யார்மேல் புகார்?"

"என்மேலதான்."

"புகார் உண்மையா?"

"வரிக்கு வரி உண்மை. இருபத்தஞ்சு வருஷத்துல நான் பொய் மனு அனுப்பினது கிடையாது."

லலிதா அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்களாவது எனக்கு ஒன்று சொல்லுங்கள். இங்கே ஏதாவது தொழில் நடக்கிறதா? கட்டணம் வாங்குகிறீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் இவர்களெல்லாம் யார்?"

லலிதா அறையைப் பார்த்தாள். பாலாம்பிகை அக்கா முழங்காலைத் தடவியபடி சுவரில் சாய்ந்திருந்தார். அந்த முழங்காலுக்கு லலிதாதான் வாரத்துக்கு ஒருமுறை தைலம் வாங்கிப் போவாள். எமில்டாவின் இரண்டாவது பிள்ளைக்குப் பெயர் தேடிக் கொடுத்தது அவள். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குக் கையுறை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னக் கற்றுக்கொடுத்த கத்தரின் ஜன்னலோரத்தில் நூல்பந்தோடு உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே அவளும் தினமும் வந்துகொண்டிருந்தாள். சீட்டுகூட வாங்குவதில்லை.

இவர்கள் யார்? பொய் சொல்ல வேண்டும் என்றுதான் லலிதா வாயைத் திறந்தாள்.

"என் சிநேகிதர்கள்," என்றாள். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று தெரிந்தது.

"நானும்தான்," என்றாள் கத்தரின். "கார் விஷயம் தீர்ந்துவிட்டது. எல்லாரும் இப்போது நடந்தே வருகிறார்கள். இந்தப் புகார் என்னால் வந்தது. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

அதிகாரி கடிதத்தைத் தோல்பைக்குள் வைத்தார். பையை மூடினார். "ஒரு வீட்டுக்குச் சிநேகிதர்கள் வருவதற்குக் கவுன்சில் அனுமதி தேவையில்லை," என்றார்.

அறை மூச்சு விட்டது. ஸ்ரீஸ்கந்தராஜா தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். சிவசைலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துண்டின் நுனியால் வெகுநேரம் துடைத்தார். தேநீர் வந்தது, வடை வந்தது. அதிகாரி மூன்று வடை சாப்பிட்டார். போகும்போது கதவருகில் தயங்கினார்.

"அவரிடம் ஒன்று கேட்கலாமா? என் வீட்டெதிரே நடைபாதையில் ஒரு கல் ஆடுகிறது. நானே மூன்று தடவை எழுதிவிட்டேன்."

"ஆவன செய்கிறேன்னு சொல்லு," என்றார் சிவசைலம்.

அதற்குப் பிறகு ஒழுங்கு வந்தது. காலை ஏழு என்பது சனி, ஞாயிறு காலை பத்து ஆயிற்று. சங்கரனுக்குத் தூக்கம் கிடைத்தது. அடுப்படியில் எமில்டா இடியப்பம் பிழிய, லலிதா சொதி வைக்கக் கற்றுக்கொண்டாள். பேச்சுக்கு நடுவே அவள் வாயில் ஆமாம் என்பதற்குப் பதில் "ஓம்" என்று வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். மனு எழுதுவது குறைந்துகொண்டே வந்தது. கடைசி இரண்டு மாதத்தில் சிவசைலம் எழுதவைத்தது ஒரே ஒரு கடிதம். கத்தரினுடைய மகனுக்கு, கனடாவுக்கு. "மேற்படி தாயார் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி" என்று அது ஆரம்பித்தது. இந்தத் தடவை லலிதா ஒரு வரிகூடக் குறைக்கவில்லை.

ஏப்ரலில் விசா முடிந்தது. இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்று லலிதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. வந்த வேலை முடிஞ்சுது," என்றார் அவர்.

"என்ன வேலைப்பா?"

"உன்னைப் பாக்கத்தானே வந்தேன். பாத்தாச்சு."

புறப்படும் அன்று நடைபாதையில் நாற்பது பேர் நின்றார்கள். சிவசைலம் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, விளக்கு, பஸ் நிறுத்தம், பாலம் என்று போய், குளிர் விஷயம் இன்னும் பரிசீலனையில் இருப்பதாகச் சபைக்குத் தெரிவித்தார். சங்கரன் கைக்கடிகாரத்தை நான்கு முறை காட்டினான். ஐந்தாம் முறை ஹாரனை அடித்தான். அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் பத்து நிமிஷம் பேசினார். விமானத்தைக் கடைசி நிமிஷத்தில்தான் பிடித்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லலிதா இறங்கி வந்தாள். முன்னறையில் மூன்று நாற்காலிகள் காலியாக நின்றன. அவற்றைத் திரும்பச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

பாலாம்பிகை.

"அக்கா, அப்பா இல்லையே."

"தெரியும். தேத்தண்ணி இருக்கோ?"

இருவரும் முன்னறையிலேயே உட்கார்ந்து குடித்தார்கள். வெளியே கத்தரின் வீட்டுப் பால் புட்டிகளை யாரோ எடுக்கும் சத்தம் கேட்டது. லலிதா கோப்பையைக் கையில் உருட்டினாள். ஆறு மாதமாக மனசில் வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"அக்கா, அன்னிக்குக் கடையில நான் கேட்டதும் நீங்க மறுபேச்சில்லாம வந்தீங்க. நீங்க வந்திருக்கலைன்னா அப்பா இந்த நாற்காலிகளைப் பாத்தே உடைஞ்சுபோயிருப்பார். அவர் கடைசிவரைக்கும் ஒண்ணும் தெரியாம சந்தோஷமாப் போயிட்டார். இதை எப்பவும் மறக்க மாட்டேன்."

பாலாம்பிகை கோப்பையைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. இந்தத் தடவை மறைக்க முருங்கைக்காய் இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என்ர பிள்ளை, நீங்கள் வந்து கேக்க ரெண்டு நாளைக்கு முந்தியே ஐயா அந்தக் கடை வாசலிலை நிண்டு, தெருவிலை இருக்கிற தமிழ்ச்சனம் ஒவ்வொருத்தரையும் கையெடுத்துக் கும்பிட்டு, 'என்ர மகளுக்கு இந்த ஊரிலை கதைக்க ஒரு சீவனுமில்லை, எனக்கு மனு வாங்கித்தான் ஆக்களைச் சேக்கத் தெரியும், ஏதாவது ஒரு குறையைச் சொல்லிக்கொண்டு எங்கட வீட்டுப் பக்கம் வாங்கோ, ஆனா அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது' எண்டு கேட்டவர்."